நடுக்கம் தெரிகிறது, எலும்பு தெரிவதில்லை

தாத்தாவின் கை நடுங்குகிறது. காபி டம்ளர் ஆடுகிறது. எல்லோரும் கையைத்தான் பார்க்கிறோம். அவருடைய எலும்பை யார் பார்க்கிறார்கள்?

இந்த நோய்க்கு நடுக்குவாதம் என்று பெயர். டாக்டர்கள் பார்க்கின்சன் நோய் என்பார்கள். லண்டனில் இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற டாக்டர் 1817இல் இதைப் பற்றி எழுதினார். அதனால் அந்தப் பெயர். மூளையில் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது. அது குறைந்தால் கை கால் நாம் சொன்னபடி கேட்காது. உடல் விறைக்கும். நடை மெதுவாகும்.

நடை குறைந்தால் எலும்பும் மெலியும். உடல் எடையைத் தாங்கி நடந்தால்தான் எலும்பு உறுதியாக இருக்கும். நோயாளி வெளியே போவதும் குறைகிறது. வெயில் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி உண்டாகும். அது இருந்தால்தான் உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு இன்னும் சீக்கிரம் மெலியும்.

மெலிந்த எலும்பு வலிக்காது. விழுந்து முறிந்த பிறகுதான் தெரியும். இடுப்பு எலும்பு முறிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். பலர் பிறகு பழையபடி நடப்பதில்லை.

பலர் வீட்டுக்குள்ளேதான் விழுகிறார்கள். திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பாருங்கள். நிலைப்படி உயரமாக இருக்கும். நடுக்குவாதம் உள்ளவருக்கு வாசல் அருகே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். விழுந்துவிடுவார். சற்றுப் பொறுங்கள். "ஒன்று, இரண்டு" என்று எண்ணச் சொல்லுங்கள். தரையில் ஒரு கோடு போட்டுத் தாண்டச் சொன்னாலும் கால் எழும். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் பலருக்குப் பலிக்கிறது.

படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். மழைக்காலத்தில் முற்றத்துப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

சாப்பாட்டுக்குச் செலவு அதிகம் இல்லை. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, தயிர் போதும். நெத்திலி மீனை முள்ளோடு சாப்பிடலாம். விழுங்கக் கஷ்டம் என்றால் மீன்முள் வேண்டாம். பாலும் நல்லது. ஆனால் லெவோடோபா மாத்திரையைப் பாலோடு விழுங்கக் கூடாது. பாலில் உள்ள புரதம் மருந்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும்.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்கே இந்த நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. எந்த டாக்டரிடம் போனாலும் நடுக்கத்தை மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை முறை விழுந்தார் என்றும் சொல்லுங்கள். எலும்பு அடர்த்திச் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். வைட்டமின் டி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மிஞ்சினால் அதுவும் கெடுதல்.