எலும்பே உணவாக வாழும் பாறு

கிரேக்கத்தின் தெற்கே, மத்தியதரைக் கடலில் கிடக்கிறது கிரீட் தீவு. அதன் லெஃப்கா ஓரி மலைச்சரிவில் ஓர் ஆடு செத்துக் கிடந்தால், அண்டங்காக்கைகளும் மற்றப் பாறுகளும் முந்திக்கொண்டு கறியைத் தின்று தீர்த்துவிடும். வெறும் எலும்புக்கூடு மிஞ்சிய பிறகுதான் தாடிப் பாறுக்குப் பந்தி.

சிறகை விரித்தால் இரண்டரை மீட்டருக்கும் மேல் நீளும் இந்தப் பறவையின் எடை 5 முதல் 7 கிலோ வரைதான். அதன் உணவில் பெரும்பகுதி எலும்பு. சின்ன எலும்புகளை அப்படியே விழுங்கிவிடும். பெரிய எலும்பென்றால் காலில் பற்றி உயரே தூக்கிச் சென்று பாறைமேல் போடும். உடையாவிட்டால் மறுபடி எடுத்துப் போடும். இதற்கென்றே வழக்கமான பாறைகளை வைத்திருக்கும். அதன் வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. எலும்பை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் கரைத்துவிடும். மஜ்ஜையில் நிறையக் கொழுப்பு உண்டு. காய்ந்த எலும்பு பல நாள் கெடாது. போட்டிக்கு வரும் விலங்கும் குறைவு. யாரும் சீந்தாத பொருளைச் சத்துள்ள உணவாக மாற்றிக்கொண்டதுதான் இதன் பெரிய சாதனை என்பேன்.

பிணத்துக்குள் தலையை நுழைத்துத் தின்னும் பாறுகளைப் போல இதன் தலை மொட்டையாக இருக்காது. அலகடியில் கறுப்பு மயிர்க் கற்றை தாடிபோலத் தொங்கும். மார்பின் செந்நிறமோ பிறவியில் வந்ததல்ல. இரும்புத் தாது கலந்த சேற்றில் புரண்டு தானே பூசிக்கொள்ளும் நிறம் அது. அந்தச் சேறு கிடைக்காத கூண்டுப் பறவைகள் வெள்ளையாகவே இருக்கின்றன.

ஆட்டுக்குட்டிகளையும் குழந்தைகளையும் தூக்கிப் போகிறது என்ற வீண்பழி ஐரோப்பாவில் நெடுங்காலம் இதன்மேல் இருந்தது. அதனால் ஆல்ப்ஸ் மலைகளில் சுட்டும் நஞ்சு வைத்தும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடியோடு அழித்துவிட்டார்கள். கூண்டில் வளர்த்த குஞ்சுகளை 1986 முதல் அங்கே விட்டு, பெரும்பாடுபட்டு மீட்க வேண்டியிருந்தது. இழப்பை ஈடுகட்டும் வேகம் இந்தப் பறவைக்கு இல்லை. குஞ்சு பொரிக்கும் பருவத்தை எட்டவே ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு ஒரு குஞ்சுதான் பிழைக்கும்.

கிரீட்டிலும் துப்பாக்கிக் குண்டுக்கும் நாய்களைக் கொல்ல வைக்கும் நஞ்சு இரைக்கும் இது பலியாகியிருக்கிறது. கிரேக்கப் பெருநிலத்தில் இப்போது தாடிப் பாறு கூடு கட்டுவதில்லை. அந்த நாட்டில் அதற்கு எஞ்சியிருக்கும் வீடு கிரீட் மலைகள் மட்டுமே.