“அவளும்தானே குடிச்சா?”

மாலையில் ஷிப்ட் முடிந்ததும் சென்னைக்கு அருகே ஒரகடம் தொழிற்பேட்டையில் கம்பெனி பஸ்களும் கல்லூரிப் பேருந்துகளும் ஒரே நெரிசலில் மாட்டிக்கொள்கின்றன. ஜன்னலோரத் தலைகளுக்குக் கிட்டத்தட்ட ஒரே வயது: இதில் டிரெய்னி, அதில் மூன்றாம் ஆண்டு மாணவி. பிறந்தநாள் வந்தால் இரு தரப்புக்கும் ட்ரீட் உண்டு. ட்ரீட்டில் யாராவது ஒருவர் குடித்து ‘மட்டை’ ஆவதும் உண்டு. பையன் மட்டையானால் தூக்கிப்போய்ப் படுக்கவைத்துவிட்டு ஒரு வாரம் கிண்டலடிப்பார்கள். பெண் மட்டையாகி, அவளுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், முதலில் வரும் கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

நீதிமன்றத்திலும் அது வந்தது. 2024 செப்டம்பரில், நொய்டாவில் எம்.ஏ. படித்த மாணவி ஒருவர் டெல்லி ஹவுஸ் காஸில் தோழிகளோடு மது அருந்தினார். ஓய்வெடுக்க அழைத்துப்போவதாகச் சொன்ன ஒருவர் குர்கானில் உள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் வன்கொடுமை செய்தார் என்பது மாணவியின் புகார். சம்மதத்தோடுதான் நடந்தது என்றது எதிர்த்தரப்பு. 2025 மார்ச்சில் ஜாமீன் கொடுத்த அலகாபாத் உயர் நீதிமன்றம், தொல்லையை அந்த மாணவியே வரவழைத்துக்கொண்டார், அவரும் பொறுப்பு என்று எழுதியது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி பி.ஆர். கவாய் அமர்வு, ஜாமீன் தரலாம், இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்டது.

சட்டப் புத்தகத்தில் அந்தப் பேச்சுக்கு இடமில்லைதான். பாரதிய நியாய சன்ஹிதா 63-ஆம் பிரிவின்படி, போதையால் தன் சம்மதத்தின் தன்மையும் விளைவும் புரியாத நிலையில் ஒரு பெண் ‘சரி’ என்றாலும் அது சம்மதமல்ல. மதுவை அவளுக்கு யார் ஊற்றிக்கொடுத்தார்கள் என்று சட்டம் பார்ப்பதில்லை. அவளே குடித்திருந்தாலும் அதேதான். எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து இசைந்தாள் என்று கொள்ளவும் கூடாது. ‘மௌனம் சம்மதம்’ என்று நாம் கல்யாணப் பேச்சிலிருந்து எடுத்துவந்த வசனம் அங்கே செல்லாது. தானாகக் குடித்த ஆணுக்கோ, போதையில் தெரியாமல் செய்துவிட்டேன் என்பது தப்பிக்கும் வழியல்ல. ஊர் நியாயம் இதற்கு நேர் தலைகீழ்: அவனுக்குப் போதை சாக்கு, அவளுக்குப் போதை குற்றம்.

(மட்டையான பையனுக்கு இது நேர்ந்தால்? 63-ஆம் பிரிவு பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவுக்கு மாற்றாகப் புதிய சட்டத்தில் எதுவும் இல்லை.)

இன்னொரு சிக்கல் மூளையில் இருக்கிறது. வேகமாக ஏறிய போதையில் ஒருவர் நடப்பார், பேசுவார், சிரிப்பார். ஆனால் எதுவும் நினைவில் பதியாது. மறுநாள் விசாரணையில், “நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தா” என்பவரும் பொய் சொல்லவில்லை, “எனக்கு எதுவுமே ஞாபகமில்ல” என்பவளும் பொய் சொல்லவில்லை.

பாலுறவுக்குச் சம்மதம் சொல்லும் வயது 18. டாஸ்மாக்கில் சரக்கு வாங்கும் வயது 21. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில்தான் கல்லூரி வாழ்க்கையின் பெரும்பகுதி கழிகிறது. புகார் கொடுக்கப்போனால் குடித்ததும் வெளியே வந்துவிடுமே என்ற பயம் அந்த வயதில் வாயைக் கட்டிவிடுகிறது. அந்தப் பயம் விடுதிக்குள்ளும் கூடவே வருகிறது. ஒரகடத்துக்கு அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகள் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. இந்தப் பகுதிக்கு அது பெரிய காரியம். ஆனால் எந்த விடுதியானாலும், கேட் எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதைத்தான் பெற்றோர் முதலில் விசாரிக்கிறார்கள். பையனை விடுதியில் சேர்க்கும்போது அப்படிக் கேட்பவர்கள் குறைவு.

பாதிக்கப்பட்டவருக்கு அரசு, தனியார் என எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். 181 பெண்கள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். ரத்தத்தில் ஆதாரமாக உள்ள மது சில மணி நேரங்களில் கரைந்துகொண்டே போகும். அந்த மணி நேரங்களில் அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வார்டன் வீட்டுக்கு போன் போடுவாரா என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பாள்.