இராமகாதையில் உடன்பிறந்தார் மூப்புமுறை: முரண்படும் பாடங்களும் முடிவுகாணும் நெறியும்

முன்னுரை

உடன்பிறந்த ஆண்மகன் ஒருவனைத் தமிழர் இயல்பாகக் குறிப்பிடும்போது அண்ணன், தம்பி என்னும் இரு சொற்களுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மலாய் மொழியிலும் ‘அபாங்’, ‘அடிக்’ என்னும் சொற்கள் மூப்பையும் இளமையையும் சுட்டுகின்றன. எனவே, அயோத்தி அரச குடும்பத்தின் மரபுவழிப் படத்தைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர், பரதனுக்கு இலக்குவன் அண்ணனா தம்பியா என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது. எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு நூல்கள் ஒரே விடையைத் தருவதில்லை. முரண்படும் சான்றுகளை எடைபோட்டு மூப்புமுறையைத் துணியும் வழியினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வான்மீகத்தின் அகச்சான்றுகள்

வான்மீகி இராமாயணத்தின் பாலகாண்டத்தில் தயரதன் பாயசத்தைப் பகிர்ந்தளிக்கும் முறை கருதத்தக்கது. கோசலைக்குப் பாதி, சுமித்திரைக்குக் கால், கைகேயிக்கு அரைக்கால், எஞ்சிய அரைக்கால் மீண்டும் சுமித்திரைக்கு என்பது அப்பங்கீடு. இவ்வரிசையையே பிறப்பு வரிசையாகக் கொண்டால் சுமித்திரையின் தலைமகன் பரதனுக்கு மூத்தவனாதல் வேண்டும். ஆயின், பிறப்பைக் கூறும் பகுதி இராமனுக்கு அடுத்துப் பரதனையும், அதன்பின் இலக்குவ சத்துருக்கனரையும் வைக்கிறது. மேலும், அப்பகுதி பரதனைத் திருமாலின் காற்பங்கு என்கிறது. பங்கீட்டுக் கணக்கின்படியோ அவன் அரைக்கால் பங்கே ஆவான். பங்கின் அளவிலேயே இரு பகுதிகளும் ஒத்துப்போகாதபோது, பங்கீட்டின் வரிசையைப் பிறப்பு வரிசைக்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

வழக்கிலுள்ள தென்னாட்டுப் பாடம் நாண்மீன்களையும் குறிக்கிறது. இராமன் புனர்பூசத்திலும், பரதன் பூசத்திலும், சுமித்திரையின் மைந்தர் இருவரும் ஆயிலியத்திலும் பிறந்தனர் என்பது அக்குறிப்பு. பரோடா கீழைக்கலை நிறுவனம் 1960 முதல் 1975 வரை வெளியிட்ட ஆய்வுப் பதிப்பின் மூலபாடத்தில் இந்நாண்மீன் செய்யுட்கள் இடம்பெறவில்லை. அவற்றை நீக்கினும் பிறப்பைக் கூறும் வரிசை மாறவில்லை என்பது நோக்கத்தக்கது.

யுத்த காண்டத்தில் மற்றொரு சிக்கல் எழுகிறது. நாடு திரும்பிய இலக்குவனையும் சீதையையும் அணுகிப் பரதன் வணங்குகிறான். அவன் வணங்கியது சீதையை மட்டுமா, இருவரையுமா என இருவகையாகவும் பொருள்கொள்ள அச்செய்யுள் இடந்தருகிறது. இருவரையும் எனக் கொண்டால் இலக்குவன் மூத்தவன் என்பார்க்கு அது துணையாகும். எனினும், ஐயத்திற்கிடமான ஒரு தொடரைக் கொண்டு வெளிப்படையான பிறப்புக் கூற்றை மறுத்தல் ஆய்வு நெறியாகாது.

கம்பர் செய்த தெளிவு

கம்பர் திருவவதாரப் படலத்தில் பாயசம் பெறும் முறையைக் கோசலை, கைகேயி, சுமித்திரை, மீண்டும் சுமித்திரை என மாற்றி அமைக்கிறார். சத்துருக்கனனுக்கு மகம் என்னும் தனி நாண்மீனையும் தருகிறார். இதனால் புனர்பூசம், பூசம், ஆயிலியம், மகம் என அடுத்தடுத்த நான்கு நாண்மீன்கள் அமைகின்றன. திங்கள் ஒரு நாண்மீனைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகுமாதலின், நால்வரும் ஒருவர்பின் ஒருவராகத் தோன்றினர் என்பது விளங்கும். வான்மீகத்தில் பொருந்தாது நின்ற பங்கீட்டு வரிசையும் பிறப்பு வரிசையும் கம்பரில் ஒன்றுபடுகின்றன.

கம்பரிலும் எச்சரிக்கை வேண்டும் இடம் உண்டு. குகனைக் கோசலைக்கு அறிமுகப்படுத்தும் பரதன், குகன் தங்கள் மூவருக்கும் மூத்தவன் என்கையில் இலக்குவனை முதலிலும் தன்னை இறுதியிலும் வைத்துச் சொல்கிறான். இதனைப் பிறப்பு வரிசையாகக் கொள்வார், சத்துருக்கனனும் பரதனுக்கு மூத்தவன் என ஏற்க நேரிடும். தன்னைக் கடைசியில் கூறுவது பரதனது பணிவு. பாத்திரக் கூற்றில் அமையும் பெயரடுக்கு வேறு; கவிக்கூற்றாக அமையும் பிறப்புச் செய்தி வேறு.

பாலி, மலாய் மரபுகள்

பாலி மொழியின் தசரத ஜாதகத்தில் இராமனும் இலக்குவனும் சீதையும் பட்டத்தரசியின் மக்கள். அவள் இறந்தபின் அரசியானவளின் மகனே பரதன். இங்கு இலக்குவன் மூத்தவன் என்பதில் ஐயமில்லை.

மலாய் ‘ஹிகாயாட் ஸ்ரீ ராமா’வின் கையெழுத்துப் படிகளுள் ஒன்று, பேராயர் லாட் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்திற்கு அளித்ததாகும். ரூர்டா வான் எய்சிங்கா 1843-இலும் ஷெல்லபியர் 1915-இலும் இக்காப்பியத்தைப் பதிப்பித்தனர். இதில் ஸ்ரீ ராமாவும் லக்சமணாவும் மண்டுடாரியின் மக்கள். பரதனுக்கும் சத்துருக்கனனுக்கும் நிகரானோர் பாலியாடாரியின் மக்கள். ஆயின், மக்களைத் தாய்வாரியாக அடுக்கிக் கூறும் வரிசை மட்டும் வெவ்வேறு தாயர் மக்களிடையே மூப்பை நிறுவாது. இராமனும் இலக்குவனும் ஒருதாய் மக்கள் என்பதே இங்கு உறுதியாகக் கூறத்தக்கது.

மூப்பின் பொருட்பயன்

இவ்வேறுபாடு கதைப்பொருளையே மாற்றுகிறது. பரதன் இரண்டாமவனாயின், இராமன் ஒருவனை அகற்றினாலே கைகேயியின் எண்ணம் நிறைவேறும். இலக்குவன் இரண்டாமவனாயின், பரதனுக்கு முடிசூட்ட இருவரது உரிமையைக் கடக்க வேண்டும். அவ்வாறே, வேறொரு தாயின் மகனுடன் கானகம் செல்லும் இலக்குவனது அன்பும், தன் தாய் வயிற்றுத் தமையனுடன் செல்லும் இலக்குவனது அன்பும் வெவ்வேறு பொருள் தருவன.

முடிவுரை

தெலுக் பங்லிமா காராங் போன்று தமிழரும் மலாய்க்காரரும் அடுத்தடுத்து வாழும் ஊர்களில், ஒரு மாணவன் இவ்விரு மரபுகளையும் கேட்டறிய வாய்ப்புண்டு. அவற்றுள் ஒன்றைப் பிழை என ஆசிரியர் ஒதுக்கிவிட்டால், அண்டை வீட்டார் போற்றிய காப்பியமொன்று அவனுக்கு எட்டாமலே போகும். எனவே, நூலுக்கொரு மரபுவழிப் படம் வரைதல் வேண்டும். ஒவ்வொரு நூலினுள்ளும் பிறப்பைக் கூறும் கவிக்கூற்றை முதற்சான்றாகவும், வணங்குமுறையையும் விளிச்சொல்லையும் துணைச்சான்றாகவும், பெயரடுக்கை இறுதிச்சான்றாகவும் கொள்ளலாம். முரண்களை இசைவித்துப் புதுக்காப்பியம் செய்தல் கம்பர் போன்ற கவிஞர்க்குரிய உரிமை. அவற்றை உள்ளவாறே வகுத்துக் காட்டுதல் ஆய்வாளரின் கடமை.