யாருமே இல்லாத வகுப்பில் எல்லோரும் பாஸ்!

ஐந்து மாணவர்களின் மதிப்பெண்கள்: 72, 41, 33, 90, 58. தேர்ச்சிக்கு 35 வேண்டும். ‘எல்லோரும் பாஸா?’ என்று பைத்தான் மொழியில் கேட்க ‘ஆல்’ இருக்கிறது, ‘ஒருவராவது பாஸா?’ என்று கேட்க ‘எனி’. இரண்டும் 2006இல் வெளியான 2.5 பதிப்பில் சேர்ந்தவை. ஜாவாஸ்கிரிப்டில் இதே வேலையை ‘எவ்ரி’யும் ‘சம்’மும் செய்கின்றன.

இவை சரியான சோம்பேறிகள். ‘ஆல்’ 72ஐப் பார்க்கும், 41ஐப் பார்க்கும், 33 வந்ததும் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடும். 90ஐயும் 58ஐயும் ஏறெடுத்தும் பார்க்காது. ‘எனி’க்கோ முதல் மாணவரே போதும். பட்டியலில் பத்து லட்சம் பேர் இருந்தால் இந்தச் சோம்பேறித்தனம் பெரிய லாபம். ஆனால், ஒப்பீடுகளை எல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் முன்கூட்டியே பட்டியலாக்கிக் கொடுத்தால் லாபம் போச்சு. கணக்கு முழுவதும் அதற்குள் முடிந்திருக்கும்.

பட்டியல் காலியாக இருந்தால்?

‘எனி’ ‘இல்லை’ என்கிறது. ‘ஆல்’ கூசாமல் ‘ஆம்’ என்கிறது! காரணம் எளிது: அது தேடுவது தோற்றவரை. தோற்றவர் யாரும் அகப்படவில்லை, அவ்வளவுதான். தவிர, இரண்டு வகுப்புகளைச் சேர்த்துச் சோதித்தாலும் தனித்தனியே சோதித்தாலும் விடை ஒன்றாகவே இருக்க வேண்டும். எல்லோரும் தேறிய வகுப்போடு காலி வகுப்பைச் சேர்த்தால் விடை மாறலாமா?

தர்க்கப்படி சரி, நடைமுறையில் ஆபத்து. கோப்பு திறக்காமல் பட்டியல் காலியாக வந்தாலும் நிரல் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று அறிவித்துவிடும். எனவே ‘ஆல்’ எழுதும் முன், பட்டியலில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வரி எழுதிப் பார்த்துவிடுங்கள்.