பெயரை விடாத மூவர்



கல்லூரியிற் பயிலும் என் பேத்தி ஒருநாள் ஒரு மேனாட்டுப் பாட்டை எனக்குப் போட்டுக் காட்டினாள். மின்கிதாரின் சீற்றமும் முரசின் அதிர்வும் என் செவிக்கு முதலில் வெறும் இரைச்சலாகவே பட்டன. ஆயினும், அதைப் பாடியவர்களின் வரலாற்றை அவள் சொல்லக் கேட்டபின் நானே தேடிப் படிக்கலானேன். இன்று உங்களுக்குச் சொல்லப் புகுவது அவ்வரலாறே.

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்றொரு நகரம் உண்டு. மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பேர்போனது. 1959-இல் அங்கே தோன்றிய மோட்டவுன் என்னும் இசைத்தட்டு நிறுவனம் கறுப்பினப் பாடகர் பலரை உலகறியச் செய்தது. அந்நகரில், கறுப்பினக் குடும்பம் ஒன்றில், டேவிட், டானிஸ், பாபி ஹேக்னி என மூன்று சகோதரர்கள் வளர்ந்தனர். 1964-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது, இவர்கள் தந்தையார் பிள்ளைகளை அருகே அமர்த்தி அதனைக் காணச் செய்தார். மறுநாள் தெருவோரத்தில் யாரோ எறிந்துவிட்ட கிதார் ஒன்றை டேவிட் கண்டெடுத்தார். அதிலேதான் அவர் வாசிக்கப் பழகினார்.

1971 அளவில் மூவரும் ஒரு குழுவாயினர். டேவிட் கிதார் வாசித்தார். டானிஸ் முரசு முழக்கினார். இளையவரான பாபி, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிதாரை மீட்டிக்கொண்டே பாடினார். தொடக்கத்தில் அவர்கள் வாசித்தது, அவர்கள் இனத்தாரிடம் எவரும் எதிர்பார்த்த நடன இசையே. பின்னர் 'தி ஹூ' என்னும் ஆங்கிலக் குழுவின் நிகழ்ச்சியைக் கண்டு வந்த டேவிட், இனி நாம் ராக் இசையே வாசிப்போம் என்றார். கறுப்பர்கள் ராக் வாசிப்பதா என்று அக்கம்பக்கத்தார் வியந்தனர். ராக் இசையின் வேர் கறுப்பினத்தாரிடமே உள்ளது என்பதை ஊரார் அதற்குள் மறந்துவிட்டனர் போலும்!

இந்நிலையில் தந்தையார் ஒரு வாகன விபத்தில் மாண்டார். அத்துயரிலிருந்து டேவிட் ஒரு பெயரைக் கண்டெடுத்தார். குழுவுக்கு 'டெத்', அதாவது 'மரணம்' என்று பெயரிட்டார். அச்சுறுத்துவது அவர் நோக்கமன்று. மரணமும் ஒரு பயணமே, அஞ்சத்தக்க அச்சொல்லை நல்ல பொருளுக்குத் திருப்பலாகும் என்பது அவர் கருத்து. தம்பியர் முதலில் தயங்கிப் பின்னர் உடன்பட்டனர்.

1970-களின் நடுவில் டெட்ராய்டின் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் அவர்கள் ஏழு பாடல்களைப் பதிவு செய்தனர். விரைந்த தாளம், குறைந்த அலங்காரம், நேரான சொல் என்னும் இம்மூன்றும் அவற்றின் இயல்பு. சில ஆண்டுகளில் இத்தகைய இசையையே உலகம் 'பங்க்' என அழைக்கலாயிற்று. அவ்வகைக்கு முன்னோடிகள் எனப் பேசப்படும் நியூயார்க் ராமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1976-இல்தான் வந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அப்போதுதான் சோதனை வந்தது. இசைத்தட்டு உலகின் பெரும்புள்ளியாகிய கிளைவ் டேவிஸ் இவர்கள் பாடல்களில் ஆர்வங்கொண்டார் என்றும், பெயரை மட்டும் மாற்றுமாறு வேண்டினார் என்றும் சகோதரர்கள் கூறுகின்றனர். டேவிட் மறுத்தார். வாய்ப்பும் போயிற்று. 1976-இல் தம் சொந்தப் பொறுப்பில் இரண்டு பாடல்கள் கொண்ட சிறு இசைத்தட்டு ஒன்றை, வெறும் 500 படிகளே, வெளியிட்டனர். அரசியல்வாதிகளைச் சாடும் பாட்டு அதில் ஒன்று. வானொலி நிலையங்கள் பெரும்பாலும் அதைத் தீண்டவில்லை. 1977-இல் குழு கலைந்தது.

டேவிட் செய்தது சரியா? பேத்தி இதைக் கேட்டபோது நான் உடனே விடை கூறவில்லை. நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில் ஒரு மாணவன் ஆண்டுமலருக்கு 'பாடை' என்ற தலைப்பில் கட்டுரை தந்தான். தலைப்பை மாற்றினாலன்றி அச்சிடலாகாது என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவ்வாண்டுதான் அவன் தகப்பனார் காலமானார் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. ஆதலின், பெயர்தானே என்று கிளைவ் டேவிஸின் பக்கம் நின்று பேச எனக்கு நா எழவில்லை. எனினும் தம்பியர் இருவரும் அந்த மறுப்புக்குக் கொடுத்த விலையையும் நாம் மறத்தல் கூடாது. அவர்களுக்கும் எதிர்காலம் இருந்ததன்றோ?

சகோதரர்கள் வடகிழக்கே வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்து, வேறொரு பெயரில் இறைப்பாடல்களை ராக் இசையில் வெளியிட்டனர். 1982-இல் டேவிட் மட்டும் டெட்ராய்டுக்குத் திரும்பினார். பாபியும் டானிஸும் அங்கேயே தங்கி, 'லாம்ஸ்பிரெட்' என்ற பெயரில் ஜமைக்கா நாட்டு ரெகே இசைக்குழு நடத்தினர். பிள்ளைகளும் பிறந்து வளர்ந்தனர். பழைய குழுவைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. தம் இறுதி நாட்களில் டேவிட் மூல ஒலிநாடாக்களைப் பாபியிடம் ஒப்படைத்து, உலகம் ஒருநாள் இவற்றைத் தேடி வரும், பத்திரமாய் வை என்றார். 2000-இல் நுரையீரற் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

உலகம் தேடித்தான் வந்தது. அந்த 500 இசைத்தட்டுகளுள் எஞ்சியவற்றைச் சேகரிப்போர் நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கலாயினர். பாபியின் மகன் ஒருவர் ஒரு விருந்தில் அப்பாட்டைக் கேட்டு, பாடும் குரல் தம் தந்தையாருடையது என்று கண்டு திகைத்தார். பின்னர் அம்மகனும் உடன்பிறந்தாரும் 'ரஃப் பிரான்சிஸ்' என்றொரு குழு தொடங்கித் தந்தையார் பாடல்களை மேடையேற்றினர். 2009-இல் டிராக் சிட்டி என்னும் நிறுவனம் பழைய ஏழு பாடல்களையும் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. முழுவதையும் கேட்க அரைமணி நேரங்கூட ஆகாது. 2012-இல் இவர்களைப் பற்றி ஆவணப்படமும் வந்தது.

அத்தொகுப்பு வெளிவந்த 2009-இலேயே பாபியும் டானிஸும் மீண்டும் மேடையேறினர். டேவிட் நின்ற இடத்தில், லாம்ஸ்பிரெட்டில் உடன் வாசித்த பாபி டங்கன் கிதாருடன் நின்றார். 2015-இல் புதிய இசைத்தொகுப்பு ஒன்றும் வெளிவந்தது. அதன் உறையின்மேல் குழுவின் பெயர் 'டெத்' என்றே இருந்தது.