சாய்ந்த மரத்தை இழுக்க ஏற்ற சங்கிலி

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் டெல்டாவில் தென்னை மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. தரங்கம்பாடி போன்ற கரையோர ஊர்களில், சாய்ந்த தென்னையையும் சவுக்கையும் சிறு டிராக்டரால் இழுக்கும் விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

நைலான் கயிறு நீண்டு, அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். மாடு கட்டும் சங்கிலியும் உதவாது. வளையங்களில் 8 அல்லது 80 எனப் பொறித்த எஃகுச் சங்கிலியே ஏற்றது. இவ்வகையில் 8 மி.மீ. சங்கிலி தாங்கத்தக்க பளு 2 டன். கொக்கியும் அதே தரத்தில் இருத்தல் அவசியம். ஒரு வளையம் பழுதானாலும் சங்கிலி முழுதும் பலவீனமே.

தூரத்திலிருந்து இழுக்க எடை குறைந்த இரும்புக் கம்பி வடம் நல்லது. ஆனால் உப்புக் காற்றில் அதன் உட்புறம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து கிரீஸ் தடவி வைக்கவும். இழைகள் அறுந்த, மடிந்து முறுக்கு விழுந்த வடத்தை ஒதுக்கிவிடவும்.

மரத்தின் முன்முனை சேற்றில் புதைந்தால் பளு பன்மடங்காகும்; அடியில் பலகை கொடுக்கவும். டிராக்டரின் தாழ்ந்த இழுவைச் சட்டத்திலேயே கொக்கியை மாட்டவும். உயரத்தில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்புறம் கவிழும். வெட்டி இழுக்காமல் மெதுவாக இழுக்கவும். சங்கிலியின் நீளத்திற்குள் எவரையும் நிற்கவிடக் கூடாது.