நமுனுகுல ஏற்றமும் இறக்கமும்



பதுளை நகரில் நின்று தென்கிழக்கே நோக்குவோர் கண்ணில் முதலில் படுவது நமுனுகுல மலை. ஒன்பது சிகரம் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது; மலையுச்சியோ 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலை மலைகளின் ஊடே ஏறி, காட்டினுள் புகுந்து, உச்சியை அடையும் வழியை நடந்து முடிப்பதே பலருக்கு ஒரு நாள் வேலை. அத்தகைய வழியில் ஓடுவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஓடுவோரும் உளரோ என ஐயுற வேண்டா. மலைப் பாதையோட்டம் இன்று உலகெங்கும் பரவியுள்ள விளையாட்டு. நம் நாட்டிலும், கண்டிக்கு அருகேயுள்ள ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ பாதை 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அப்புத்தளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல ஆகிய ஊவா ஊர்கள் அதன் வழியில் உள்ளன. பெயர்தான் புதிது, வழி பழையது. 19ஆம் நூற்றாண்டு முதல் கொழுந்தும் மக்களும் போய்வந்த தோட்டப் பாதைகளே அங்கு ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன. அவற்றில் முதன்முதல் காலூன்றியவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்துவந்த தொழிலாளர்கள். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் பல்லாயிரவர்.

உயரத்தில் மூச்சு வாங்குவது ஏன்? மலைக்காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவு என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கடற்கரையிலும் மலையுச்சியிலும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயுவே. குறைவது காற்றின் அழுத்தம். 2,000 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்ட அழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்காகிவிடும். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் பிராணவாயுவும் அவ்வளவுக்குக் குறையும். லடாக்கில் 5,300 மீட்டருக்கு மேற்பட்ட கர்துங் லா கணவாயைக் கடந்து ஓடும் பந்தயம் ஒன்று நடைபெறுகிறது. அங்குச் செல்வோர் பல நாள் முன்னரே சென்று தங்கி உடலைப் பழக்கிக்கொள்ள வேண்டும். நமுனுகுலவுக்கு அத்தனை முன்னேற்பாடு தேவையில்லை. ஆயினும், கொழும்பிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே உச்சிக்கு ஓட முனைபவர், தம் வழக்கமான வேகத்தைக் கொழும்பிலேயே விட்டுவிட்டு வருதல் நலம்.

இனி, ஏற்றம். சமதரையில் ஓடும்போது குதிகால் நரம்பு வில்லைப் போல் இழுபட்டு, அடுத்த அடிக்கு உந்துதல் தருகிறது. செங்குத்தான ஏற்றத்தில் அந்த உதவி பெரிதும் கிட்டாது. உடலின் முழுப் பாரத்தையும் தசையே தூக்க வேண்டும். எனவே மிகச் செங்குத்தான இடங்களில் ஓடுவதை விட விரைந்து நடப்பதே சிக்கனம். உலகப் புகழ் பெற்ற மலையோட்டக்காரரும் அங்கே கைகளை முழங்காலில் ஊன்றி நடக்கவே செய்கின்றனர். முதுகிற் கூடையுடன் மலையேறும் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பாருங்கள். உடலைச் சற்றே முன்சாய்த்து, சிற்றடி வைத்து, மூச்சுக்கும் அடிக்கும் கணக்குத் தவறாமல் ஏறுகிறாள். பயிற்சி நூல்கள் கூறும் முறையும் அதுதான். அவளை எவரும் வீராங்கனை என்றதில்லை. அது வேறு கதை.

பலரும் அஞ்சுவது ஏற்றத்துக்கு. ஆனால் காலைக் கெடுப்பது இறக்கமே. இறங்கும்போது தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீள வேண்டியிருக்கிறது. அதனால் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகி, ஓரிரு நாட்களுக்குப் பின் கடும் நோவு தோன்றும். இறங்கும்போது நீண்ட அடி வைத்தல் ஆகாது. முழங்காலைச் சற்றே மடித்து, குறுகிய அடிகளை விரைவாக வைக்க வேண்டும். பார்வை பாதத்தில் அன்று, நாலைந்து அடி முன்னே இருக்க வேண்டும். தேயிலை நிரைகளுக்கிடையே வெட்டப்பட்ட கான்கள் புல்லால் மூடிக் கிடக்கும். ஈரக் கற்படிகளோ வழுக்கும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இவ்விடங்களில்தான்.

உடலை விடக் கவனிக்க வேண்டியது வானிலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு பாகை குறையும். வியர்வையில் நனைந்த உடலை மலைக்காற்று தாக்கினால், குளிர் உயிரையே பறித்துவிடும். சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் திடீரெனக் குளிர்மழையும் கடுங்காற்றும் வீச, 21 பேர் மாண்டனர். தேர்ந்த ஓட்டக்காரர்களும் அவர்களுள் இருந்தனர். காற்றுத் தடுக்கும் மேலங்கி கட்டாயமாக்கப்பட்டிருக்கவில்லை. அன்று ஆறு பேரைக் குகையொன்றிற் சேர்த்து நெருப்பு மூட்டிக் காத்தவர், அம்மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர். மலையை நன்கறிந்தவர் அவர்.

ஊவாவிலும் ஓட்டம் ஏற்பாடு செய்வோர் இதனை மறக்கலாகாது. குளவிக் கூடு எங்குள்ளது, எந்த ஓடை மழையில் பெருகும், மூடுபனியில் எந்தக் குறுக்குவழி பள்ளத்தில் முடியும் என்பவை தோட்டத்து மக்களுக்குத் தெரியும். அவர்களைக் கேளாமல் வரைபடத்தை மட்டும் நம்பி வழி குறித்தல் தகாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடி மின்னல் வழக்கம். ஆதலால் விடியலில் புறப்பட்டு நண்பகலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். வடகீழ்ப் பருவமழை தொடர்ந்து பெய்யும் நாட்களில் ஓட்டமே வேண்டா என்பது என் துணிபு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியதை இம்மாவட்டம் மறக்கவில்லை. நிலத்திற் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனத் தோன்றும் கலங்கல் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் உடனே அவ்விடத்தை விட்டகன்று அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையை முதல் நாள் இரவே கேட்டறிதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். தோட்டப் பள்ளிகள் பலவற்றுக்குச் சமதரை மைதானமே இல்லை. ஆயினும் தினமும் மலையேறி இறங்கிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் கால்கள் இவ்விளையாட்டுக்குப் பாதி பழகியவை. மாவட்டப் போட்டியில் வட்டத் திடலிற் பின்தங்கும் பிள்ளை மலைப் பாதையில் முந்தக்கூடும்; சோதித்துப் பார்த்தவர்தாம் சிலர். சோதிக்குமுன், காலையில் உண்டு வந்தாயா என்று கேளுங்கள். இரத்தச்சோகை உள்ள பிள்ளைக்கு இருக்கும் பிராணவாயுவைச் சுமக்கவே இரத்தத்தில் வலு போதாது. மருத்துவர் பார்த்த பின்னரே ஓடவிட வேண்டும். முதலிரு வாரங்கள் ஏற்றத்தில் நடை மட்டும் போதும். பின்னர் வாரம் ஒரு முறை குறுகிய இறக்கத்தில் மெல்லோட்டம் பழக்கலாம். ஒருமுறை நொந்த தசை அடுத்த முறைக்கு உறுதிப்படும். ஓடிய மூன்றாம் நாள் நோவின்றிப் படி இறங்க முடிகிறதா என்று பார்த்து, அதன் பிறகே அடுத்த ஓட்டத்துக்கு நாள் குறியுங்கள்.